மகளின் ஒட்டுண்ணியியல் பாடம் குறித்து

வேலூர்

அன்புள்ள நண்பா,

இங்கு யாவரும் நலம். உன் நலமும் வீட்டார் நலமும் அறிய ஆவல். கால்நடை மருத்துவம் படிக்கும் உன் மகள் ஒட்டுண்ணியியல் பாடத்தின் லத்தீன் பெயர்களைக் கண்டு மலைத்து நிற்பதாக எழுதியிருந்தாய். பெயர்கள் மெல்ல மனத்தில் படியும். ஒட்டுண்ணி எந்த உயிரில் முதிர்கிறது, வெளியே வந்தபின் எங்கே காத்திருக்கிறது, மறுபடி எவ்வழியே உடலுக்குள் நுழைகிறது என்பதை முதலில் பிடித்துக்கொள்ளச் சொல்.

அதற்கு நம் பக்கத்து ஏரிகளே போதும். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் காவேரிப்பாக்கம் போன்ற ஏரிகள் வற்றத் தொடங்கியதும், கரையோரம் முளைக்கும் பசும்புல்லுக்கு மாடுகள் இறங்குகின்றன. கல்லீரல் தட்டைப்புழுவான பாசியோலா ஜைகாண்டிகாவின் முட்டை சாணத்தோடு நீரில் விழுந்து பொரிய, அதிலிருந்து வரும் இளவுயிரி லிம்னியா நத்தைக்குள் புகுந்து, ஒன்று பலவாகப் பெருகி வெளியேறி, புல்லிலும் நெற்தாளிலும் கூடு கட்டி ஒட்டிக்கொண்டு, அதைத் தின்னும் மாட்டுக்குள் நுழைகிறது. புழு முதிர்வது மாட்டில் என்பதால் மாடு அதன் முதன்மை ஓம்புயிரி, அதாவது அது தங்கி வாழ இடம் தரும் முதன்மை உயிர்; நத்தை இடைநிலை ஓம்புயிரி. பாதிக்கப்பட்ட மாட்டின் கல்லீரலை அறுக்கும்போது, சுண்ணாம்பேறிய பித்தக்குழாயில் கத்தி நறநறவென்று உரசும். இலை போன்ற புழுக்கள் உள்ளிருந்து வழுக்கிக்கொண்டு வரும். ஒருமுறை பார்த்தால் அவள் மறக்கமாட்டாள்.

ஆட்டின் நாலாம் இரைப்பையில் வாழும் ஹீமாங்கஸ் என்ற உருளைப்புழுவுக்கு இடைநிலை ஓம்புயிரியே வேண்டாம். முட்டை பொரிந்து மூன்றாம் பருவத்தை எட்டிய இளம்புழு, ஈரப் புல்நுனியில் ஏறி நின்று ஆட்டின் வாய்க்குப் போகிறது. ஒரு புழுவால் ஆடு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தத்தை இழக்கிறது என்பார்கள். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. மெட்ராஸ் சிவப்புச் செம்மறியின் கீழிமையை விரலால் இறக்கிப் பார்த்தால், சிவந்திருக்க வேண்டிய உட்புறம் வெளுத்துக் கிடக்கும். தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும். ஆயினும் மந்தை முழுவதற்கும் மாதந்தோறும் குடற்புழு நீக்க மருந்து ஊற்றும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. அம்மருந்தைத் தாங்கும் புழுக்களே மிஞ்சிப் பெருகும்.

உண்ணியையும் இப்படியே அணுக வேண்டும். டெக்சாஸ் காய்ச்சல் மாட்டுக்கு மாடு பரவுவது உண்ணியால்தான் என்று அமெரிக்க ஆய்வாளர்களான ஸ்மித்தும் கில்போர்னும் 1893இல் நிறுவினார்கள். அந்தக் காய்ச்சலை உண்டாக்கும் பேபீசியா கிருமி தாய் உண்ணியின் முட்டை வழியே அடுத்த தலைமுறைக்கும் போகிறது. பெண் உண்ணி மாட்டிலிருந்து உதிர்ந்து கொட்டகைச் சுவரின் விரிசலில் முட்டையிடும்போது, மாட்டுக்கு மட்டும் மருந்து தெளித்து என்ன பயன்?

சாணப் பரிசோதனையில் ஒன்றைக் கவனிக்கச் சொல். தட்டைப்புழு முட்டை கனமானது. வழக்கமான உப்புக்கரைசலில் மிதக்காது, படியவைத்துத்தான் தேட வேண்டும். பாசியோலா முட்டை மஞ்சளாக இருக்கும். அதைப்போலவே தோன்றும், ஆம்பிஸ்டோம் என்ற இன்னொரு வகைத் தட்டைப்புழுவின் முட்டைக்கு நிறமிராது. மாணவர்கள் தடுமாறும் இடம் இதுதான்.

பொங்கல் விடுமுறையில் அவளை இங்கே அனுப்பு. செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்கு அழைத்துச் செல்கிறேன்; உண்ணி சேகரிக்கச் சிறு குப்பிகளும் எரிசாராயமும் நானே எடுத்துவைக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்