மாத்திரை தரும்போதே எடையும் சுகரும் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகனுக்கு ஆட்டிசம். சுவரில் தலையை மோதிக்கொள்வான். முதலில் ரிஸ்பெரிடோன், அது போதாமல் ஓலான்சபைன் என்று ஆவேசத்தைத் தணிக்கும் மாத்திரைகளை டாக்டர் எழுதிக்கொடுத்த பிறகுதான் நாங்கள் ராத்திரியில் தூங்கினோம். அதனால் அந்த மருந்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் பசி அடங்கவே இல்லை. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் தட்டோடு வந்து நிற்பான். பிள்ளை தேறிவிட்டான் என்று சொந்தக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள், நானும்தான். அப்புறம் ராத்திரி நாலைந்து தடவை எழுந்து தண்ணீர் குடித்தான், படுக்கையை நனைத்தான். பேச்சு வராத பிள்ளை, தாகமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வான்? ஒருநாள் விடாமல் வாந்தி, மூச்சு வேகவேகமாக வாங்கியது, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

அவசரப் பிரிவில் மாத்திரை மயக்கம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஒரு நர்ஸ்தான் விரலில் குத்திச் சுகர் பார்த்தார். மீட்டரில் எண்ணே வரவில்லை, 'ஹை' என்று மட்டும் காட்டியது. பல மீட்டர்கள் 600-ஐத் தாண்டினால் அப்படித்தான் காட்டும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இந்த மருந்துகளால் எடையும் சுகரும் ஏறலாம் என்பது யாருக்கும் தெரியாத விஷயமும் இல்லை. முதன்முறையாக இந்த மருந்துகளைத் தொடங்கிய 4 முதல் 19 வயதுப் பிள்ளைகளைப் பற்றி 2009-ல் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. சுமார் 11 வாரத்தில் ஓலான்சபைன் எடுத்தவர்களுக்குச் சராசரியாக 8.5 கிலோ, ரிஸ்பெரிடோன் எடுத்தவர்களுக்கு 5.3 கிலோ கூடியிருந்தது. மருந்தைத் தொடங்கும் முன்பே எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சுகர், கொழுப்பு எல்லாம் பார்க்க வேண்டும், எடையை 4, 8, 12 வாரங்களில் மறுபடி பார்க்க வேண்டும் என்று அங்குள்ள மருத்துவச் சங்கங்கள் 2004-லேயே சொல்லிவிட்டன. எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

அவசரப் பிரிவு டாக்டர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: இந்த மாத்திரை சாப்பிடும் குழந்தை வாந்தியோடோ மயக்கத்தோடோ வந்தால் முதலில் ஒரு சொட்டு ரத்தத்தில் சுகர் பாருங்கள். பெற்றவர்களே, பயந்துபோய் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் அது வேறு தொல்லை. டாக்டரிடம் போய்க் கேளுங்கள், மருந்தை மாற்ற வழி இருக்கிறது.

என் மகனுக்கும் மாற்றினார்கள். இப்போது மாதாமாதம் அவன் எடையை மாத்திரை டப்பாவின் மூடியிலேயே எழுதி ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்