பாலக்காட்டு மேடமும் உன் மகளும்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. கொழிஞ்சாம்பாறையில் எல்லோரும் நலம். ஆடிக் காற்று கணவாய் வழியாகப் பிய்த்துக்கொண்டு அடிக்கிறது. பெரியவனுக்குப் பொள்ளாச்சியில் வேலை. தினமும் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் போய் வருகிறான்.

உன் மகள் பயத்துக்காக மனநல சிகிச்சை தரும் தெரபிஸ்டிடம் போகும் விஷயத்துக்கு வருகிறேன். "காசையும் கொடுத்துவிட்டு அழுதுகொண்டு வருகிறாள், அந்தம்மா ஒரு ஆறுதல் வார்த்தைகூடச் சொல்வதில்லை" என்று எழுதியிருந்தாய். பாலக்காட்டில் நான் பார்த்த தெரபிஸ்ட் மேல் எனக்கும் இதே கோபம் இருந்தது.

பஸ்ஸில் ஏறினாலே எனக்கு நெஞ்சு படபடக்கும், விரல் நுனி மரத்துப்போகும், இதோ உயிர் போகப்போகிறது என்று தோன்றும். ஈ.சி.ஜி. எல்லாம் சரியாகவே இருந்தது. "எனக்கு ஒன்றும் ஆகாதுதானே மேடம்?" என்று போகும்போதெல்லாம் கேட்பேன். முதலில் பதில் சொன்னவர், அப்புறம் நிறுத்திவிட்டார். "நான் சொன்னால் அது எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று திருப்பிக் கேட்டார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தாங்காது என்பது எனக்கே தெரியும். ஆறுதல் கிடைத்த நிமிஷம் பயம் அடங்கும். அடங்கியது அந்த வார்த்தையால்தான் என்று மனசு பழகிவிடும். அடுத்த தடவை அது இல்லாமல் முடியாது.

ஒரு நாள் வேண்டுமென்றே என்னை வேகவேகமாக மூச்சு விடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அதே மரத்துப்போதல், அதே தலைசுற்றல். மூச்சு மிதமிஞ்சினால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும், அதனால் வருவது இது என்றார். பயத்துக்கு 0 முதல் 100 வரை மார்க் போடச் சொன்னார். 90 போட்டேன். அவர் எழவில்லை, தண்ணீர் நீட்டவில்லை, கூடவே உட்கார்ந்திருந்தார். அது தானாக 40-க்கு இறங்கியது. அந்த அறையில் அவரைப் போல வேறு யாரையும் நான் வெறுத்ததில்லை, நம்பியதும் இல்லை.

"கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்களே" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எதற்காகச் செய்கிறோம் என்று முன்பே விளக்கியிருக்க வேண்டும் என்றார். எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979-இல் எழுதியதையும் அன்றுதான் சொன்னார்: சிகிச்சை தருபவருக்கும் பெறுபவருக்கும் இலக்கில் உடன்பாடு, அதற்கான வேலையில் உடன்பாடு, இருவருக்கும் நடுவே ஒரு பிணைப்பு, மூன்றும் வேண்டும். எங்களுக்கு இடித்தது அந்த வேலையில்தான். அதன்பின் ஒவ்வொரு பயிற்சியையும் பேசியே முடிவு செய்தோம்.

அதனால், வேறு ஆளைப் பார்க்கலாம் என்று அவசரப்படாதே. எதற்காக அழுகிறாள் என்பதை அவளே அங்கே சொல்லட்டும். சொன்ன பிறகும் அவர் காது கொடுக்கவில்லை, மட்டம் தட்டுகிறார் என்றால் தாராளமாக மாற்று. நீ போன் செய்து "உள்ளே என்ன பேசினாள்" என்று மட்டும் கேட்காதே. ஆபத்து, அவசரம் தவிர, அவள் சம்மதமில்லாமல் அவர் சொல்லக்கூடாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்திலேயே அது இருக்கிறது.

வீட்டிலும் "ஒன்றும் ஆகாதுடி" என்று ஓயாமல் சொல்வதைக் குறைத்துக்கொள். பெற்ற மனசுக்குக் கஷ்டம்தான். "பயமாக இருக்கிறதா, நான் பக்கத்திலேயே இருக்கிறேன்" என்றால் போதும். நடுராத்திரியில் தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், 14416. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

ஆயுத பூஜை லீவுக்கு இருவரும் வாருங்கள். அவளுக்கு இஷ்டமிருந்தால் என்னிடம் பேசட்டும். நானாக எதுவும் கேட்க மாட்டேன் என்று இப்போதே சொல்லிவை.

உன்,
சாந்தி