குமரித் தொகுதியை மதக் கணக்குக்குள் அடைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியைப் பற்றி உங்கள் பத்திரிகையில் எப்போது கட்டுரை வந்தாலும் இந்துக்கள் இத்தனை சதவீதம், கிறிஸ்தவர்கள் இத்தனை சதவீதம், நாடார் இவ்வளவு, மீனவர் இவ்வளவு என்று ஒரு கணக்கு முதலில் வந்துவிடுகிறது, அதோடு தொகுதியின் கதையே முடிந்த மாதிரி எழுதிவிடுகிறீர்கள். வரலாறு என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டால் அது 2009-இல்தான் தொடங்குகிறது. கன்னியாகுமரி என்ற பெயரில் மக்களவைத் தொகுதி வந்தது 2008 மறுசீரமைப்பில்தான், அது சரி. ஆனால் அதற்கு முன்னால் நாகர்கோவில் தொகுதி என்ற பெயரில் இதே மக்கள் 1952 முதல் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். மறுசீரமைப்பில் திருவட்டாறு சட்டமன்றத் தொகுதி இல்லாமல் போனது, திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியோடு இருந்த கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி எங்களோடு வந்து சேர்ந்தது. நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் எல்லாம் பழையபடியே இருக்கின்றன. பெயர் மாறியதற்காக அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றை விட்டுவிடுவது நியாயமில்லை.

முதல் தேர்தலில் இந்தத் தொகுதி சென்னை மாநிலத்திலேயே இல்லை, திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1952-இல் ஜெயித்தவர் அ. நேசமணி. கட்சி, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். தமிழ் பேசும் தாலுகாக்களைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்பதுதான் அந்தக் கட்சியின் கோரிக்கை. அதாவது எந்த மாநிலத்தில் இருக்கப்போகிறோம் என்பதற்காகவே எங்கள் பெரியவர்கள் அன்று ஓட்டுப் போட்டார்கள். அப்புறம் 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, பட்டம் தாணுப்பிள்ளை முதலமைச்சராக இருந்தபோது, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டு உயிர்கள் போயின. அந்தப் போராட்டத்தில் கோயிலுக்குப் போகிறவரும் சர்ச்சுக்குப் போகிறவரும் ஒன்றாகத்தான் நின்றார்கள். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர்ந்து குமரி மாவட்டம் பிறந்தது. தொகுதியின் வரலாற்றை இங்கிருந்து எழுதத் தொடங்கினால்தான் பின்னால் நடந்தது எதுவும் விளங்கும்.

1957-இல் காங்கிரஸ் சார்பில் ஜெயித்த தாணுலிங்க நாடாரின் வாழ்க்கைக்கே ஒரு முழுப் பக்கம் ஒதுக்கலாம். நேசமணியோடு சேர்ந்து எல்லைப் போராட்டம் நடத்தியவர், பிறகு காங்கிரஸ் எம்.பி., எண்பதுகளில் இந்து முன்னணியின் தலைவர். குமரி அரசியல் எங்கே தொடங்கி எங்கே திரும்பியது என்பதை இந்த ஒரு மனிதரை வைத்தே சொல்லிவிடலாம். உங்கள் கட்டுரைகள் எதிலும் நான் அவர் பெயரைப் பார்த்ததில்லை.

1962-லும் 1967-லும் மறுபடி நேசமணி, இந்த முறை காங்கிரஸில். 1968-இல் அவர் காலமானார். 1969 ஜனவரியில் வந்த இடைத்தேர்தலில் காமராஜர் காங்கிரஸ் வேட்பாளராக நின்றார். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1967-இல் காமராஜர் சொந்த ஊரான விருதுநகரில், பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றிருந்தார். அவருடைய அரசியல் முடிந்தது என்று பலரும் பேசிக்கொண்டிருந்த நேரம். மாநிலத்தில் தி.மு.க. ஆட்சி, அண்ணா முதலமைச்சர். காமராஜரை எதிர்த்து நின்றவர் சுதந்திரா கட்சியின் டாக்டர் மத்தியாஸ், அவருக்கு ஆளுங்கட்சியின் ஆதரவு. மத்தியாஸ் கிறிஸ்தவர். காமராஜரோ விருதுநகரிலிருந்து வந்த இந்து. போதாததற்கு, மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் நமக்குக் கிடைக்காமல் கேரளத்தோடு போனதற்கு, அன்று முதலமைச்சராக இருந்த காமராஜர்மேல் எல்லைப் போராட்டக்காரர்களுக்கு வருத்தமும் இருந்தது. இந்த மாவட்டம் மதம் பார்த்துத்தான் ஓட்டுப் போடும் என்றால் அவர் இங்கே கரையேறியிருக்கவே முடியாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அவரை அப்பச்சி என்றுதான் சொல்வார்கள், பெயர் சொல்லி நான் கேட்டதே இல்லை. 1971-இல் தமிழ்நாடு முழுக்க இந்திரா காங்கிரஸ் - தி.மு.க. அலை அடித்து, கட்சி பிளந்தபின் காமராஜர் இருந்த ஸ்தாபன காங்கிரஸ் மற்ற எல்லா இடத்திலும் தோற்றபோதும் நாகர்கோவில் அவரைக் கைவிடவில்லை. அந்தக் கட்சிக்குத் தமிழகத்தில் கிடைத்த ஒரே எம்.பி. அவர்தான்.

1977-இல் குமரி அனந்தன். நாடாளுமன்றத்தில் தமிழில் கேள்வி கேட்கும் உரிமைக்காக நின்று வாதாடியவர். (2019-இல் ஜெயித்த எச். வசந்தகுமார் அவருடைய தம்பி, இப்போதைய எம்.பி. விஜய் வசந்த் தம்பி மகன், பா.ஜ.க.வின் தமிழிசை அவருடைய மகள். ஒரே குடும்பத்துக்குள்ளேயே இத்தனை அரசியல் இருக்கும்போது ஒரு மதத்துக்கு ஒரு கட்சி என்று எப்படிப் பிரிப்பது?)

1980-இலிருந்து 1998 வரை நடந்த 6 தேர்தலிலும் என். டென்னிஸ். முதல் 4 முறை காங்கிரஸ், கடைசி 2 முறை மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.). இந்தக் காலத்துக்கு நடுவில்தான் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையிலான 1982 மண்டைக்காடு கலவரம் வந்தது. அதை மூடி மறைக்கச் சொல்லவில்லை. துப்பாக்கிச்சூடு நடந்தது, உயிர்கள் போயின, நீதிபதி வேணுகோபால் கமிஷன் விசாரித்தது. பக்கத்துப் பக்கத்துக் கிராமங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த காலத்தை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. அந்தக் காயத்தை வைத்து அரசியல் செய்தவர்களும் உண்டு, இன்றும் உண்டு. ஆனால் 1996-ஐப் பாருங்கள். சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் ஒரே நேரத்தில் தேர்தல். பத்மநாபபுரத்தில் சி. வேலாயுதன் ஜெயித்துத் தமிழ்நாட்டின் முதல் பா.ஜ.க. எம்.எல்.ஏ. ஆனார். அந்தப் பத்மநாபபுரமும் அடங்கிய நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் டென்னிஸ் ஜெயித்தார். எம்.எல்.ஏ.வுக்கு ஒரு முடிவு, எம்.பி.க்கு ஒரு முடிவு என்று யோசித்துப் போடுகிற வாக்காளர்கள் இங்கே இருக்கிறார்கள்.

1999-இல் பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணன் வந்தார், அப்போது தி.மு.க. அந்தக் கூட்டணியில். அடுத்த தேர்தலில், 2004-இல், தி.மு.க. பா.ஜ.க.வை விட்டுக் காங்கிரஸ், இடதுசாரிகள் பக்கம் போனதும் மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ.வி. பெல்லார்மின். ஐந்தே வருஷத்தில் பா.ஜ.க.விலிருந்து மார்க்சிஸ்டுக்கு! மதம் மாறியா ஓட்டுப் போட்டார்கள்? 2009-இல் தி.மு.க.வின் ஹெலன் டேவிட்சன், இதுவரை இந்தத் தொகுதி அனுப்பிய ஒரே பெண். தி.மு.க.வும் இங்கே ஜெயித்தது அந்த ஒரு முறைதான், அ.தி.மு.க. ஒரு முறைகூட ஜெயித்ததில்லை.

இனி உங்கள் கணக்குக்கே வருகிறேன். 2014-இல் பொன். ராதாகிருஷ்ணன் வாங்கியது 3,72,906 ஓட்டு. காங்கிரஸ், தி.மு.க., அ.தி.மு.க., மார்க்சிஸ்ட் எல்லாரும் தனித்தனியாக நின்றதால் 1,28,662 வித்தியாசத்தில் ஜெயித்தார். 2019-இல் அவர் வாங்கியது 3,67,302, கிட்டத்தட்ட அதே அளவு. ஆனால் காங்கிரஸ், தி.மு.க., மார்க்சிஸ்ட் ஒன்று சேர்ந்து நின்றதால் வசந்தகுமார் 6,27,235 வாங்கி 2,59,933 வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார். வசந்தகுமார் கொரோனாவில் இறந்தபின் 2021-இல் நடந்த இடைத்தேர்தலில், 2019-ஐப் போலவே அ.தி.மு.க. துணையோடு, பா.ஜ.க.வுக்கு 4,38,087, விஜய் வசந்துக்கு 5,76,037. 2024-இல் அ.தி.மு.க. தனியாக நிற்க, பா.ஜ.க. மறுபடி 3,66,341-க்கு வந்தது, விஜய் வசந்த் 1,79,907 வித்தியாசத்தில் ஜெயித்தார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம். 2019-இல் பா.ஜ.க. வாங்கியது சுமார் 35 சதவீதம். அப்படியானால் இந்துக்களில் பெரிய பகுதி வேறு பக்கம் போட்டிருக்கிறது. அது மட்டுமல்ல, 2019-இல் ஜெயித்த வசந்தகுமார் ஒரு இந்து. கிறிஸ்தவர்கள் அவருக்குப் போட்டார்கள், இந்துக்களும் போட்டார்கள். கூட்டணி எப்படி அமைகிறது என்பதுதான் எண்களில் தெரிகிறது. நீங்கள் அச்சடிக்கிற அந்தச் சதவீதக் கணக்கே உங்கள் முடிவுக்கு எதிராக இருக்கிறது.

கூட்டணிக்கும் மேலே, வாழ்க்கைப் பிரச்சினை என்று ஒன்று இருக்கிறது. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கத்து ஆட்கள் ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன் பிடிக்கிறவர்கள், புயல் வரும்போது அவர்கள் கரையிலிருந்து வெகு தூரத்தில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்தும் ஆட்கள் வந்து சேரவில்லை. டிசம்பர் 7 அன்று கடற்கரை ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள், கைக்குழந்தையோடு வந்த பெண்கள் உட்பட, குழித்துறை ரயில் நிலையம்வரை நடந்து வந்து தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள், இரவாகியும் எழுந்திருக்கவில்லை. போனவர்களைத் தேடித் தாருங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. அதற்கு முன்பிருந்தே இனயம் துறைமுகத் திட்டத்துக்கு எதிரான போராட்டமும் நடந்துகொண்டிருந்தது. இந்த இரண்டையும் பேசாமல் 2019 முடிவை எப்படி விளக்க முடியும்? கிறிஸ்தவ மீனவர் ஓட்டு என்று எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடுகிறதா?

கருங்கல் சந்தையில் தேர்தல் சமயத்தில் வந்து நின்று பாருங்கள். மைக்கோடு வருகிற நிருபர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, இங்கே எந்தச் சமூகம் அதிகம் என்பதைத்தான். பதில் சொல்கிற ஆள் ஒரு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியாக இருப்பார், ரப்பர் ஷீட் விலை அவர் வாய் நுனியில் இருக்கும், அதை யாரும் கேட்பதில்லை. நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் 2004 முதல் கேரளம் தண்ணீர் விடாததால் விளவங்கோடு பக்கம் வயல்கள் என்ன ஆயின என்று கேட்பதில்லை. தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் குவிந்து படகு கவிழ்ந்து ஆட்கள் சாகிறார்கள், அது செய்தியாக ஒரு மூலையில் வருகிறது, தொகுதிக் கட்டுரைக்குள் வருவதில்லை. தமிழகத்தோடு இணைந்து இத்தனை காலம் ஆன பின்பும் குமரியின் ரயில் நிலையங்கள் திருவனந்தபுரம் கோட்டத்தில்தான் இருக்கின்றன. நான்குவழிச் சாலை எத்தனை வருஷமாக இழுக்கிறது என்று இந்தப் பக்கம் பஸ்ஸில் போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. மதமே ஓட்டில் சேராது என்று சாதிக்கவும் வரவில்லை, சேர்கிறது, சில ஊர்களில் அதிகமாகவே சேர்கிறது. ஆனால் அதை மட்டுமே திரும்பத் திரும்ப அச்சடித்தால், இளம் வாக்காளர்கள் தங்கள் ஊர் எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று நம்பிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு நேசமணி என்றால் வேப்பமூட்டில் இருக்கும் மண்டபம் என்பதற்கு மேல் தெரியவில்லை. அதற்குப் பத்திரிகைகளுக்கும் பொறுப்பு உண்டு.

ஆகவே இரண்டு கோரிக்கை. அடுத்த முறை தொகுதி அறிமுகம் போடும்போது 1952-இலிருந்து எல்லாப் பெயரும் கட்சியும் ஆண்டும் வரட்டும், வேட்பாளர்களிடம் நெய்யாற்றுத் தண்ணீர், தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரம், ரயில்வே கோட்டம் பற்றி நேரடியாகக் கேட்டு அவர்கள் பதிலை அவர்கள் பெயரோடு அச்சடியுங்கள். இரண்டாவது, உங்கள் அலுவலகத்தில் பழைய இதழ்கள் கட்டுக்கட்டாக இருக்கும். 1969 ஜனவரி இடைத்தேர்தல் செய்திகளைத் தேடி எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் மறுபடி வெளியிடுங்கள்.

அன்புடன்,
நெடுநாள் வாசகன்,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்