வாரத்தில் அரை நாள் ஒதுக்குங்கள்: மருத்துவத் துறை உயர் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவத் துறை உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். ஊசி உள்ளே எங்கே போகிறது என்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்த்தபடியே, வலியைக் குறைக்க மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியை அரசு மருத்துவமனைகளில் கிடைக்கச் செய்யுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

அந்த ஊசி என்ன, யாருக்கு, எதற்கு என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்கான மருந்து மருத்துவமனையிலேயே இருக்கிறது. போடத் தெரிந்த எலும்பு டாக்டர் இருக்கிறார். ஸ்கேன் கருவி இருக்கிறது, அதை இயக்கும் ரேடியாலஜி டாக்டரும் இருக்கிறார். இவர்களை ஒரே நேரத்தில் ஒரே அறைக்குள் சேர்க்கும் ஏற்பாடுதான் இல்லை. போன வாரம் ஓபியில் என் அம்மாவிடம், "ஸ்கேன் பாத்துப் போட்டா நல்லா இருக்கும்மா. ஆனா இங்க அப்படிப் போடறது இல்ல, வெளிய பாத்துக்கோங்க" என்று சொல்லிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஸ்கேன் அறை அதே கட்டடத்தில், அதே தளத்தில் இருக்கிறது. அந்த அறையின் வாசலைக் கடந்துதான் நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம்.

அம்மாவுக்கு 58 வயது. தையல் வேலை. சுகர் வந்து பல வருடம் ஆகிவிட்டது. சுகர் உள்ளவர்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடும். முதலில் தூங்கவிடாத வலி, அப்புறம் கையைத் தூக்கவோ திருப்பவோ முடியாத இறுக்கம். தானாக இளகுவதற்கு ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகலாம், சிலருக்கு முழுதாகச் சரியாவதே இல்லை. அம்மாவுக்கு இறுகியது இடது தோள்.

"இடது கைதானே, வலது கையை வைத்துச் சமாளிக்கலாம்" என்று ஓபியில் ஒருவர் ஆறுதலாகச் சொன்னார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் நம் ஊரில் இடது கை எதற்கு என்று அவர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். கழிப்பறையில் என் அம்மாவால் இடது கையைப் பின்னால் கொண்டுபோக முடியாது. இதைப் பூசிமெழுகி எழுத எனக்கு விருப்பம் இல்லை. கழுவிக்கொள்ள வலது கையைத்தான் பயன்படுத்துகிறார். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் அந்தக் கையால் சோறு பிசைய அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஸ்பூனால் கொஞ்சம் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுகிறார். வெளியே போகிற நாளில் காலையிலிருந்து சாப்பிடுவதே இல்லை, வழியில் கழிப்பறைக்குப் போக வேண்டி வந்துவிடுமோ என்ற பயம். சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தையல் மெஷின் முன்னால் வியர்த்துக்கொட்டிச் சரிந்து உட்கார்ந்தவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பியது நான்தான்.

இதை அவர் டாக்டரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? ஒரு மேஜையைச் சுற்றிப் பத்துப் பேர் சீட்டை நீட்டியபடி நிற்கும் அறையில், மகன் வயதுள்ள ஒரு டாக்டரிடம் இதைச் சொல்லக்கூடிய பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? சீட்டில் எழுதியிருப்பது "இடது தோள் வலி, அசைவு குறைவு" என்பது மட்டும்தான். மகள் என்பதால் என்னிடமும் வெகுநாள் மறைத்து வைத்திருந்தார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். "எழுதும்மா, நமக்கு மட்டுமா இருக்கும்" என்றார்.

ஊசி போடாமல் இல்லை. தோளைத் தடவி, எலும்பின் விளிம்பை அடையாளமாக வைத்துக்கொண்டு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். வலி குறையவில்லை. சில வாரம் விட்டு மறுபடி போட்டார்கள், அப்போதும் குறையவில்லை. சுகர் மட்டும் இரண்டு தடவையும் ஏறி, இறங்குவதற்குப் பல நாள் எடுத்துக்கொண்டது. மருந்து மூட்டின் உறைக்குள் போனதா, பக்கத்துத் தசையிலேயே தங்கிவிட்டதா என்று போட்டவருக்கும் தெரியாது. அது அவருடைய குற்றமும் இல்லை, அவர் கையில் இருந்தது ஊசியும் அனுபவமும் மட்டும்தான். இனி தடவிப் பார்த்துப் போடுவதில் பயன் இல்லை, ஸ்கேன் பார்த்துத்தான் போட வேண்டும் என்று சொன்னதும் அவரேதான். சொன்ன மருத்துவரால் தன் மருத்துவமனையிலேயே அதைச் செய்ய முடியவில்லை என்றால், அது அவருக்கு மேலே இருப்பவர்கள் சரிசெய்ய வேண்டிய விஷயம்.

ஸ்கேன் பார்த்துப் போடும்போது ஊசி திரையில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். முனை எங்கே இருக்கிறது, நரம்பும் ரத்தக்குழாயும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன, மருந்து எங்கே பரவுகிறது என்று பார்த்தபடியே போடலாம். அதே நேரத்தில் தசைநார் கிழிந்திருக்கிறதா, நீர் கோத்திருக்கிறதா என்றும் தெரிந்துவிடும். உப்புநீரை உள்ளே செலுத்தி இறுகிய உறையை விரிக்கும் சிகிச்சைக்கும் இப்படிப் பார்த்துச் செய்யும் வசதி தேவை. கதிர்வீச்சு கிடையாது. பத்துப் பதினைந்து நிமிட வேலை.

எல்லா ஊசியையும் ஸ்கேன் வைத்துத்தான் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. படித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பல மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு தோள் வலிக்கான ஊசிகளைப் பற்றி 2021-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, பொதுவாகப் பார்த்தால் ஸ்கேன் பார்த்துப் போட்டதற்கும் பார்க்காமல் போட்டதற்கும் பலனில் பெரிய வித்தியாசம் இருக்காது என்றே சொல்கிறது. சரி, முதல் ஊசியைக் கைப்பக்குவத்தில் போடட்டும். அது பலிக்காதவருக்கு அடுத்தது என்ன? இடுப்பு மூட்டு ஆழத்தில் இருக்கிறது, பக்கத்திலேயே தொடையின் பெரிய ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. அதைத் தடவிப் பார்த்துப் போடுவது யாருக்கு நிம்மதி? மணிக்கட்டில் நரம்பு அழுத்தம் உள்ளவருக்கு அந்தக் குறுகிய பாதையில் நரம்பை ஒட்டியே ஊசி இறங்க வேண்டியிருக்கிறது. குதிகாலில் மருந்து தவறிப்போய்க் கொழுப்புத் திசுவில் இறங்கினால், நடக்கும்போது தாங்கிக்கொள்ளும் அந்த மெத்தையே மெலிந்துவிடும். இப்படிப்பட்டவர்களுக்காவது வழி வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

ஊசியை அதிகமாகப் போடுங்கள் என்றும் கேட்கவில்லை. 2017-இல் ஜாமா மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களின் முழங்காலில் 12 வாரத்துக்கு ஒருமுறை என்று 2 ஆண்டுகள் ஸ்டீராய்டு போட்டார்கள். வெறும் உப்புநீர் போட்டவர்களைவிட அவர்களுக்குக் குருத்தெலும்பு அதிகமாகத் தேய்ந்திருந்தது, வலியிலோ வித்தியாசம் இல்லை. கணக்கில்லாமல் போடக்கூடாத மருந்து என்பதால்தான், போடுகிற ஒன்று போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச்சேர வேண்டும் என்கிறோம். சுகர் உள்ளவர்களுக்கு இது இன்னும் பொருந்தும், வீணாகிற ஒவ்வொரு ஊசிக்கும் அவர்கள் உடம்பு விலை கொடுக்கிறது.

அந்த ஸ்கேன் கருவியை எலும்புப் பிரிவுக்குக் கொண்டுவந்தால் என்ன என்று கேட்டபோது, சட்டம் இருக்கிறது என்றார்கள். ஆம், இருக்கிறது. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம், 2003-இல் இன்னும் கடுமையாக்கப்பட்டது. 2012-இல் தூக்கிச் செல்லக்கூடிய சிறு கருவிகளுக்கும் கட்டுப்பாடு வந்தது. எந்தக் கருவி எந்த இடத்தில், யார் இயக்குவது என்பதெல்லாம் பதிவில் இருக்க வேண்டும். நான் அந்தச் சட்டத்தின் பக்கம் நிற்பவள். உசிலம்பட்டி, சேலம், தருமபுரி என்று சொன்னாலே பெண் சிசுக்கள் நினைவுக்கு வந்த காலத்தில், 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த மாநிலத்தில், பெண்ணாகப் பிறந்து உயிரோடு வளர்ந்தவள். அந்தச் சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூடத் தளர்த்தச் சொல்லி நான் கேட்கமாட்டேன்.

தளர்த்தத் தேவையும் இல்லை. கருவி அது பதிவான அறையிலேயே இருக்கட்டும். பதிவில் பெயர் உள்ள ரேடியாலஜி டாக்டரே அதை இயக்கட்டும். எலும்பு டாக்டர் அந்த அறைக்கு வரட்டும், அல்லது பழகிய ரேடியாலஜி டாக்டரே ஊசியையும் போடட்டும். நகர வேண்டியது மனிதர்கள்தான், அதுவும் ஒரே தளத்துக்குள். தைராய்டு, மார்பகம், கால் ரத்தக்குழாய் எல்லாம் பார்ப்பதற்கு வைத்திருக்கும் நேர்வரிசைப் புரோபே (தோலில் வைத்து நகர்த்தும் பகுதி) இதற்கும் பெரும்பாலும் போதும். தோலுக்கு அடியில் சில சென்டிமீட்டரைத் தெளிவாகக் காட்டும் புரோப் அது. கையுறை, கிருமிநீக்கிய உறை, ஜெல், இவையும் புதிதாக வரவழைக்க வேண்டிய பொருள்கள் இல்லை.

எனவே எங்கள் கோரிக்கை இதுதான்: ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், வாரத்தில் அரை நாளை ஸ்கேன் பார்த்துப் போடும் மூட்டு ஊசிக்கென்று ஒதுக்குங்கள். எலும்புப் பிரிவும் ரேடியாலஜியும் அந்த அரை நாள் சேர்ந்து வேலை செய்யட்டும். "அது எங்க வேலை இல்ல, அங்க கேளுங்க" என்று ஒரு பிரிவு மறு பிரிவைக் கை காட்டுவதற்கு இடமில்லாதபடி எழுத்துப்பூர்வமாக ஓர் உத்தரவு போடுங்கள்.

ரேடியாலஜி டாக்டர்களின் சுமை எங்களுக்குத் தெரியாமல் இல்லை. கர்ப்பிணிகள் வரிசையைப் பார்த்திருக்கிறோம், அவர்கள் நேரத்தைப் பிடுங்க எங்களுக்கு ஆசை இல்லை. ஆள் போதவில்லை என்றால் ஆளைப் போடுங்கள். போதாத ஆளை வைத்துக்கொண்டு நோயாளியை வெளியே அனுப்புவதைத் தீர்வாக ஏற்க முடியவில்லை.

வெளியே என்றால் எங்கே? தனியாரில் விசாரித்தோம். அவர்கள் கேட்ட தொகை எங்கள் ஒரு மாத வீட்டு வாடகையைவிட அதிகம். காப்பீட்டு அட்டையை நீட்டினால், படுக்கையில் சேராத சிகிச்சைக்கு அது செல்லாது என்றார்கள். கூடவே, உங்கள் ரத்தத்தையே எடுத்துப் பிரித்துப் போடும் ஊசி இருக்கிறது, மூன்று தடவை போட்டுக்கொள்ளுங்கள் என்று இன்னும் பெரிய தொகை ஒன்றைச் சொன்னார்கள். பணம் இல்லாதவர்கள் தெருமுனைக் கிளினிக்கில் இடுப்பில் ஒரு வலி ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். சுகர் உள்ளவர்களின் சிறுநீரகத்தை அது என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். கடைசியில் டயாலிசிஸ் படுக்கைக்கு அவர்கள் வருவதும் உங்கள் மருத்துவமனைக்குத்தான். வலி என்றால் யாருக்கும் அவசரம் இல்லை. உயிர் போகாத நோய், அதிலும் நடுவயதுப் பெண்ணுக்கு வந்த நோய் என்றால் "வயசானா அப்படித்தான்" என்பதோடு முடிந்துவிடுகிறது. நாற்று நடுகிறவர், சித்தாள் வேலைக்குப் போகிறவர், சத்துணவுக் கூடத்தில் அண்டாவை இறக்கி வைக்கிறவர், இவர்கள் எல்லோருக்கும் தோளும் மணிக்கட்டும் முழங்காலும்தான் மூலதனம். அது பழுதானால் பாதி வீட்டு வருமானம் போய்விடுகிறது, அது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

கோபத்தில் பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நல்லது நடக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் அம்மாவின் சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரையை வாசலுக்குக் கொண்டுவர வழி கண்ட துறைக்கு, ஒரு டாக்டரை இரண்டு கதவு தள்ளியிருக்கும் அறைக்கு அனுப்புவது முடியாத காரியமாக இருக்காது என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

தயவுசெய்து வாரத்தில் அரை நாள் ஒதுக்குங்கள். எல்லா மாவட்டத்திலும் ஒரே நேரத்தில் முடியாது என்றால், மருத்துவக் கல்லூரி உள்ள சில இடங்களில் தொடங்கி, மற்ற மாவட்டத்துக்காரர்களை அங்கே அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். இன்னொன்று, இதற்குச் செலவே இல்லை: தோள் இறுகி வருகிற பெண்களிடம் ஒரு நர்ஸ் தனியாக, "கழிப்பறைக்குப் போய்வர முடிகிறதா அக்கா" என்று கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பதிலையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில்தான் முதலில் தொடங்க வேண்டும் என்று இல்லை. எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை என்று அறிவியுங்கள், அம்மாவை அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
ஒரு தையல்காரரின் மகள்