வென்று ஏறும் படியை எடுத்துவிடாதீர்கள்: ஜப்பான் கூடைப்பந்து பி லீக் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பி லீக் தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். நான் தொச்சிகி மாகாணத்தின் உட்சுனோமியா நகரில் வேலை பார்க்கும் தமிழன், இந்த ஊர்க் கூடைப்பந்து அணியான பிரெக்ஸின் ரசிகன். ஜப்பானிய மொழியில் எழுதிய கடிதம் உங்களுக்குத் தனியே வந்து சேரும். ஆனால் இந்த விஷயத்தில் என் மனம் பொருமியதெல்லாம் தமிழில்தான். அதனால் தமிழிலும் எழுதி எல்லாரும் படிக்க வைக்கிறேன்.

2026-27 சீசனிலிருந்து வரும் மாற்றங்களை உங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை. பி பிரீமியர், பி ஒன், பி நெக்ஸ்ட் என்று மூன்று பிரிவுகள். உச்சியில் உள்ள பி பிரீமியரில் இடம் வேண்டுமென்றால் ஆண்டுக்கு 120 கோடி யென் வருமானம், ஆட்டத்துக்குச் சராசரியாக 4,000 பார்வையாளர்கள், 5,000 பேர் அமரும் அரங்கம் வேண்டும். ஆடி ஜெயித்து மேலே ஏறுவது, தோற்றுக் கீழே இறங்குவது என்ற பேச்சே இனி இல்லை. என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: ஜெயித்த அணி மேலே வர ஒரு வழி விட்டு வையுங்கள்.

போன மாதம் அலுவலக நண்பர் ஒருவர் என்னைத் தன் சொந்த ஊருக்கு அழைத்துப் போனார். அந்த ஊர் அணி கீழ்ப் பிரிவில் ஆடுகிறது. ஆட்டம் நடந்தது நகராட்சி உள்ளரங்கத்தில். வாசலில் ஷூவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அவர்கள் கொடுத்த செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். தரையைச் சுற்றி மடக்கு நாற்காலிகள். அவற்றைப் போட்டதும், முடிந்தபின் அடுக்கி வைத்ததும் ஊர்க்காரர்கள்தான்.

நண்பரின் அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. முழங்கால் வலி வேறு. அன்றைக்குப் பள்ளித் தோழிகள் நான்கு பேருக்குப் போன் போட்டு வரவழைத்திருந்தார். அதில் இரண்டு பேருக்குக் கூடைப்பந்தில் ஒன்றுமே தெரியாது. 'சும்மா வந்து உட்காருங்கள், ஒரு தலை கூடினால் போதும்' என்று கூப்பிட்டாராம். கடைசிக் கால்பகுதியில் எங்கள் பக்கம் ஆறு புள்ளி முன்னிலை. அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் அன்றைய கூட்டத்தின் எண்ணிக்கையைச் சொன்னார்கள். அம்மா ஆட்டத்திலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, தலையைச் சாய்த்து அதைத்தான் கேட்டார். ஆயிரத்துச் சொச்சம். போன வாரத்தைவிடக் குறைவு. அணி ஜெயித்தது. எல்லாரும் எழுந்து கைதட்டினோம். அம்மாவும் தட்டினார். அப்புறம் மகனிடம், 'ஜெயித்துவிட்டார்கள், ஆள்தான் குறைந்துவிட்டது' என்றார்.

அந்த அரங்கத்தில் நாற்காலி எல்லாம் நிரம்பினாலும் 2,000 பேர் தேறாது. அங்கே 4,000 பேரை எந்த அம்மா, எத்தனை போன் போட்டு உட்கார வைப்பார்? அரங்கம் அணியின் சொத்து இல்லை, நகராட்சியுடையது. புதிதாகக் கட்டுவது பந்து போடுகிறவர்கள் கையிலும் இல்லை, பயிற்சியாளர் கையிலும் இல்லை. அவர்கள் கையில் இருந்தது ஆட்டம் ஒன்றுதான். அதை ஜெயித்துக் காட்டியும் பயனில்லை என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

இப்போது என் அணியின் கதைக்கு வருகிறேன். நீங்கள் அறியாதது இல்லை, ஆனாலும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். தொச்சிகி மாகாணத்தில் ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து அணி வேண்டும் என்று சிலர் ஆசைப்பட்டுத் தொடங்கியது பிரெக்ஸ். 2007-08-ல் இரண்டாம் நிலை லீக்கான ஜேபிஎல்2-ல் முதன்முதலாக ஆடினார்கள். அந்த வருடமே அதை வென்று மேல் லீக்குக்கு வந்தார்கள். 2008-ல் யூதா தபுசே வந்து சேர்ந்தார். 2004-ல் பீனிக்ஸ் சன்ஸ் அணிக்காக ஆடி, அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் கால் வைத்த முதல் ஜப்பானியர் அவர். உயரம் 173 சென்டிமீட்டர். 2009-10-ல் பெருநிறுவனங்களின் அணிகள் ஆண்ட லீக்கில், அய்சின் அணியை இறுதிச் சுற்றில் தோற்கடித்து பிரெக்ஸ் சாம்பியன் ஆனது. கீழ் லீக்கில் பிறந்த அணி மூன்றாவது சீசனில் நாட்டின் உச்சியில் நின்றது.

2007-ல் யாராவது அவர்களிடம் 120 கோடி யென் எங்கே, 5,000 இருக்கை எங்கே என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தபுசே வருவதற்கு மேல் லீக்கில் ஒரு தொச்சிகி அணியே இருந்திருக்காது.

மற்றதை வேகமாகச் சொல்கிறேன். 2017 மே மாதம் யோயோகியில் நடந்த முதல் பி லீக் இறுதி ஆட்டத்தில் கவாசாகி அணியை 85-79 என்று வென்றார்கள். 2022-லும் 2025-லும் ஒகினாவாவின் ரியூக்யூ கோல்டன் கிங்ஸ் அணியைத் தாண்டிக் கோப்பை எடுத்தார்கள். 2025 கோப்பையை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது. சீசன் நடுவில், பிப்ரவரியில், தலைமைப் பயிற்சியாளர் கெவின் பிராஸ்வெல் இறந்துபோனார். அந்தத் துக்கத்தோடு ஆடி, யோகோஹாமாவில் இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டம் வரை போய் ஜெயித்தார்கள். 44 வயது தபுசேயும் அந்த அணியில் இருந்தார். இத்தனைக்கும் இவர்களுக்கு வீடாக இருந்த உட்சுனோமியா நகராட்சி உள்ளரங்கில் 5,000 பேர் உட்கார முடியாது. நம் லீக்கில் மூன்று முறை சாம்பியனான அணி வளர்ந்தது அந்த அரங்கில்தான்.

உங்கள் தரப்பு நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. நாட்டில் இருந்த இரண்டு லீக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல், 2014-ல் உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு ஜப்பானையே தடை செய்த கதை மறக்கக் கூடியது அல்ல. சபுரோ கவாபுச்சி வந்து எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, 2016-ல் பி லீக் பிறந்தது. மேலே ஏற வேண்டும், கீழே விழக் கூடாது என்ற பதற்றத்தில் அணிகள் வீரர்களுக்குப் பணத்தை வாரி இறைத்துவிட்டுத் திண்டாடக் கூடாது என்கிறீர்கள். சரி. நல்ல அரங்கம் வந்தால் கூட்டம் வரும் என்பதற்கு ஒகினாவா அரங்கமே சாட்சி. 2023 உலகக் கோப்பையில் எங்கள் பிரெக்ஸ் வீரர் மகோதோ ஹியெஜிமா வெனிசுவேலாவுக்கு எதிராக 23 புள்ளி எடுத்த இரவு அந்த அரங்கம் அதிர்ந்ததை நானும் டிவியில் பார்த்தேன். அரங்கம் கட்டுங்கள், கணக்கைச் சரிபாருங்கள், அதில் எனக்குத் தகராறே இல்லை. ஆனால் கணக்கு மட்டும்தான் கதவைத் திறக்கும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

இந்த நாட்டில் சின்ன ஊர்களுக்கு எல்லாமே இப்படித்தான் ஆகிவிட்டது. பயணிகள் குறைவு என்று ரயில் பாதையை மூடுகிறார்கள். பிள்ளைகள் குறைவு என்று பள்ளியை மூடுகிறார்கள். பிரசவ வார்டும் மூடுகிறது. இளைஞர்கள் டோக்கியோவுக்குப் போய்விடுகிறார்கள். எண்ணிக்கை போதவில்லை என்று வருடம் முழுக்கக் கேட்டுக் கேட்டுச் சலித்த மக்கள், சனிக்கிழமை மதியம் ஒரு அரங்கத்துக்குள் வந்து உட்கார்ந்தால் அங்கேயாவது பெரிய ஊர், சின்ன ஊர் என்ற பேச்சு இருக்காது. நாற்பது நிமிடம், ஐந்து பேருக்கு ஐந்து பேர். அங்கேயும் ஒலிபெருக்கியில் தலையை எண்ணிச் சொல்ல வேண்டுமா?

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

ஒவ்வொரு வருடமும் பி ஒன் சாம்பியனுக்கும் பி பிரீமியரில் கடைசியாக வந்த அணிக்கும் இடையே ஒரு தொடர் வையுங்கள். கீழிருந்து வருகிற அணி ஜெயித்தால் மேலே அனுமதியுங்கள். கடன் இல்லை, சம்பளப் பாக்கி இல்லை என்பதை முதலிலேயே சரிபாருங்கள், அது நியாயம். அரங்கத்துக்கும் வருமானத்துக்கும் மட்டும் மூன்று வருட அவகாசம் கொடுங்கள். மேலே வந்த அணிக்கு நகராட்சி கட்டித் தர யோசிக்கும், கடைக்காரர்கள் விளம்பரம் தருவார்கள். செண்டாய் 89அர்ஸ் அணி முதல் பி லீக் சீசனிலேயே கீழே இறங்கி, ஐந்து சீசன் இரண்டாம் பிரிவான பி2-ல் கிடந்து, 2022-ல் ஆடி ஜெயித்துத் திரும்பி வந்ததை நாமெல்லாம் பார்த்தோம். அப்படி ஒரு வழி இனியும் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஜெயித்த அணி மேலே வர வழி விடுங்கள். அதற்கு மேல் எதையும் நான் கேட்கவில்லை.

நண்பரின் அம்மா அடுத்த சீசனுக்கும் டிக்கெட் சொல்லி வைத்திருக்கிறார். இந்த முறை ஆறு தோழிகளை அழைத்து வரப் போகிறாராம். உங்களில் ஒருவர், அறிவிப்பு எதுவும் இல்லாமல், ஒருநாள் அந்த அரங்கத்துக்கு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் பார்க்க வேண்டும் என்று பணிவோடு அழைக்கிறேன். ஷூவை வாசலில் கழற்ற வேண்டியிருக்கும். செருப்பு அவர்களே தருவார்கள்.

மரியாதையுடன்,
உட்சுனோமியாவிலிருந்து ஒரு பிரெக்ஸ் ரசிகன்