சிவலையை நான் விற்கவில்லை, பிள்ளை

திரியாய்
2024 நவம்பர் 25

அன்புள்ள மகளுக்கு,

தாழமுக்கம் வருகிறது என்று கேள்விப்பட்டு நேற்றிரவு நீ போனில் அழாக்குறையாகக் கதைத்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. "மாட்டையும் ஆட்டையும் விட்டுவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருகோணமலைக்குப் போங்கோ அப்பா" என்று சொன்னாய். நான் "சரி, பார்ப்பம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். லைனும் வெட்டி வெட்டித்தான் வந்தது. ஆறுதலாக எழுதினால்தான் சொல்ல முடியும் என்று கொப்பியை எடுத்தேன். சின்னவன் இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவான்.

முதலில் உன் பயத்துக்கு ஒரு பதில். நாங்கள் வீட்டில் இருக்கப் போவதில்லை. நாளைப் பின்னேரம் மூன்று பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவோம். காணி உறுதி, அடையாள அட்டைகள், வங்கிப் புத்தகம், அம்மாவின் பிரசர் குளிசை எல்லாம் பொலித்தீனில் சுற்றி ஒரு பைக்குள் இருக்கின்றன. இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை அம்மா சமையலறைச் சுவரில் கரியால் எழுதியிருக்கிறாள். இன்றுதான் உயர்தரப் பரீட்சை தொடங்கியது. முன்வீட்டுப் பிள்ளை காலையில் மழைக்குள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனது. பாவம், இந்த நேரத்தில் வந்திருக்கிறது.

நாங்கள் போய்விடலாம். மாடுகளைப் பள்ளிக்கூடத்துக்குள் ஏற்ற முடியாதே. இரண்டு நாளாக நான் பட்ட பாடு அதற்காகத்தான்.

சின்னவன் கேட்கிறான், "இது தாழமுக்கம்தானே, புயலாகக்கூட வரவில்லை, கரையை ஒட்டி வடக்கே ஏறிப் போய்விடும், எதற்கு இவ்வளவு வேலை?" என்று. அவன் கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. 2022இல் நானும் அப்படித்தான் நினைத்தேன். உனக்கு இரண்டு வருடமாகச் சொல்லாத ஒன்றை இன்று சொல்லப் போகிறேன்.

சிவலையை மூதூர்ப் பக்கம் ஒருவருக்கு விற்றுவிட்டேன் என்று உனக்குச் சொன்னேன் அல்லவா? விற்கவில்லை. அது செத்துப்போனது, பிள்ளை. என் கவனக்குறைவால் செத்தது.

நீ அதைக் கன்றிலிருந்து போத்தலில் பால் பருக்கி வளர்த்தாய். வெளிநாடு போகிற அன்று அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாய். அதனால்தான் வாய் வரவில்லை.

நடந்தது இதுதான். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் வந்தது நினைவிருக்கிறதா? எங்கள் ஊருக்கும் குச்சவெளிக்கும் இடையில்தான் அது கரை ஏறியது. அன்று நான் எல்லா மாட்டையும் அவிழ்த்து மேட்டுக்காணிக்கு விட்டிருந்தேன். கோழிக்கூடு கோழிகளோடு பறந்தது, கொட்டில் தகரம் அடுத்த வளவில் கிடந்தது, ஆனால் விடிந்தபோது மாடு ஒன்றுகூடக் குறையவில்லை. தலைக்கு மேலால் போன புயலுக்கே தப்பிவிட்டோம் என்ற நினைப்பு எனக்கு வந்துவிட்டது.

இரண்டு வருடம் கழித்து மாண்டஸ் புயல் வந்தது. அது இலங்கையில் கரை ஏறவே இல்லை. கடலிலேயே எங்களைத் தாண்டிப் போய், டிசம்பர் 9 இரவு தமிழ்நாட்டில் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஏறியது. பெரிய காற்றும் இல்லை, பெரிய வெள்ளமும் இல்லை. அப்போது பெரும்போகம் விதைத்திருந்தார்கள். அவிழ்த்துவிட்டால் வயலுக்குள் இறங்கிவிடும், பிறகு சண்டை வரும் என்று நான் மாடுகளை வேலியோரம் கட்டினேன். கட்டிய இடம் வடக்கே ஒரு மறைப்பும் இல்லாத வெளி. மழைத் தூறலோடு வாடைக்காற்று இரவு முழுக்க அடித்தது. அப்படி ஒரு குளிரை நான் இந்த ஊரில் கண்டதில்லை.

விடியப் போனபோது சிவலை நடுங்கிக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் படுத்துவிட்டது. சாக்கால் துடைத்தோம், நெருப்பு மூட்டினோம், அம்மா சீனி கரைத்த சுடுநீர் பருக்கினாள். மத்தியானத்துக்கு முதல் போய்விட்டது. இன்னொரு கறவையும் அன்று பின்னேரம் போனது. வடக்கிலும் கிழக்கிலும் அந்த நாட்களில் நூற்றுக்கணக்கில் மாடும் ஆடும் செத்தன. எல்லாருக்கும் வந்தது எங்களுக்கும் வந்தது என்று ஊரார் ஆறுதல் சொன்னார்கள். ஆனால் கயிற்றை நான்தான் கட்டினேன். அவிழ்த்திருந்தால் அது தானாகவே பற்றைக்குப் பின்னால் போய் ஒதுங்கியிருக்கும்.

அதன் கன்று அப்போது நாலு மாதம். தாய்க்குத் தெற்குப் பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றிருந்தது. வாடை முழுவதையும் தாய் வாங்கிக்கொண்டது. கன்று பிழைத்தது.

பிறகு நான் கால்நடை வைத்தியரிடம் போய்க் கேட்டேன். நனைந்த மயிர் சூட்டைப் பிடித்து வைக்காது, அதன் மேல் காற்றும் பட்டால் உடம்புச் சூடு இறங்கிக்கொண்டே போகும் என்றார். கார்த்திகை, மார்கழியில் எங்கள் மாடுகள் மெலிந்துதான் இருக்கும். கோடை முழுக்கக் காய்ந்த புல், மழை வந்து புல் தளிர்க்கும்போது விதைப்பு தொடங்கிவிடும், மாடு காட்டோரம் ஒதுங்க வேண்டும். மெலிந்த உடம்பில் கொழுப்பு ஏது? அதனால் குளிருக்கு முதல் நாளே வயிறு நிறைய வைக்கோல் போடச் சொன்னார். வைக்கோல் இரைப்பையில் செரிக்கும்போது உள்ளேயே சூடு பிறக்குமாம். தவிடும் புண்ணாக்கும் கொடுத்தால் போதும் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

இப்போது கேள், இந்த முறை என்ன செய்திருக்கிறேன் என்று.

பெரியப்பாவின் பழைய வீடு தெரியும்தானே. நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது கூரையில்லாமல் நின்ற கல்வீடு. இப்போது சுவர் நெஞ்சளவுதான் இருக்கிறது. ஆடுகிற கற்களை எல்லாம் தட்டி விழுத்திவிட்டேன். வடக்கும் கிழக்கும் சுவர், தெற்கே கதவில்லாத வாசல். காற்றை மறைக்கும், மேலே பறக்கக் கூரையும் இல்லை. மெலிந்தவை, கன்றுகள், சினைப்பட்டவை என்று ஐந்து உருப்படி அதற்குள் நிற்கின்றன. நிலத்தில் மணல் போட்டு மேலே வைக்கோல் பரப்பியிருக்கிறேன். ஒன்றுக்கும் கயிறு இல்லை. தண்ணீர் ஏறினால் தாமாகவே வெளியே போகலாம்.

மற்ற ஒன்பதும் மேட்டுக்காணியில். மாடு காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அது தள்ளுகிற திசையிலேயே நகர்ந்துகொண்டு போகும், வேலி வந்தால் அங்கேயே நெருக்கிக்கொண்டு நிற்கும். முட்கம்பியில் கிழிபடுவது அப்படித்தான். வாடை தள்ளினால் தெற்கே போகும் என்பதால் தெற்கு வேலியில் இரண்டு இடத்தில் கம்பியைக் கழற்றி வைத்தேன். அதற்கு அப்பால் இருக்கிற வயல்காரர்களிடம் நேரில் போய்ச் சொன்னேன். பயிர் மிதிபட்டால் பிறகு பேசித் தீர்ப்போம், உயிர் முதலில் என்றார்கள். 2022இல் இந்த வார்த்தையைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

குறியும் காதுத் தோடும் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. காது இலக்கங்களை எழுதிய தாளையும் சின்னவன் படமெடுத்து அனுப்புவான், உன்னிடம் பத்திரமாக இருக்கட்டும். இங்கே கொப்பி நனைந்தாலும் தேடிப்போக ஒரு கணக்கு வேண்டும்.

கொட்டில் தகரத்தை நானே கழற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை ஏற்றிவிட்டேன். பறக்கிற தகரம் கத்தி மாதிரி வெட்டும். முற்றத்துத் தென்னைகளில் காய்ந்த மட்டை, தேங்காய் எல்லாம் இறக்கியாயிற்று. ஆடுகள் சாமான் அறையில், பலகை மேல். ஈரத்தில் நின்றால் குளம்பு அழுகிவிடும். கோழிகளை இன்று இருட்டியதும் பிடித்துக் குசினிக்குள் விட்டுச் சாக்கால் மூடுவோம், இருட்டில் அவை கலவரப்படாது. ஒரு அடைக்கோழி முட்டையை விட்டு எழும்ப மாட்டேன் என்கிறது. அதைக் கடகத்தோடு தூக்கி வைக்க வேண்டும்.

தண்ணீர்தான் பலருக்கு மறந்துபோகும். சுற்றிலும் வெள்ளம் நிற்கும், குடிக்க ஒரு வாளி இருக்காது. கறவை மாடு ஒன்று நாளைக்கு 30, 40 லீட்டர் குடிக்கும். மூன்று பீப்பா நிறைத்து மூடி, சுவரோடு கட்டி வைத்திருக்கிறேன். கிணற்று வாயையும் தறப்பாளால் கட்டியிருக்கிறேன். அப்படியும் வெள்ளம் உள்ளே போனால் இறைத்துக் குளோரின் போட்ட பிறகுதான் தொடுவோம்.

இன்னொன்று. காற்று நின்றதும் மாடு பார்க்க ஓடிவிடுவேன் என்று நீ பயப்படுவாய், என் குணம் உனக்குத் தெரியும். ஓட மாட்டேன். 1964 மார்கழியில், தனுஷ்கோடியை அழித்த அதே புயல் இங்கே வந்தபோது, காற்று சட்டென்று நின்று வானமும் கொஞ்சம் வெளித்ததாம். முடிந்தது என்று சனம் வெளியே வந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து அதைவிடப் பலமாக அடித்ததாம். அப்பு இதை எத்தனையோ தரம் எனக்குச் சொல்லியிருக்கிறார். சின்னவனுக்கும் சொல்லிவிட்டேன். விடிந்து, அறிவித்தல் வந்து, அறுந்த மின்கம்பி இல்லை என்று பார்த்த பிறகுதான் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டுவோம்.

சிவலையின் கன்று இப்போது ஐந்து மாதச் சினை. தாயைப் போலவே சிவப்பு, நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு. பழைய வீட்டில் வடக்குச் சுவரோடு, காற்றுப் படாத மூலையில் அதற்குத்தான் இடம் போட்டேன். சற்று முன் போய்ப் பார்த்தேன், படுத்து இரை மீட்டுக்கொண்டிருந்தது.

என்னோடு கோபப்பட வேண்டுமென்றால் கோபப்படு. இரண்டு வருடம் பொய் சொன்னது என் பிழை. ஆனால் இரண்டு நாளைக்குப் போன் கிடைக்காவிட்டால் மட்டும் பதறாதே, டவரில் கரண்ட் இருக்காது. கிடைத்ததும் முதல் கோல் உனக்குத்தான்.

மழை பெலத்துவிட்டது. அம்மா கோழி பிடிக்கக் கூப்பிடுகிறாள்.

அன்புடன்
அப்பா