சும்மா உட்கார வைக்கிறதுதான் மரியாதையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல முதுமை பத்தின கட்டுரை படிச்சேன். கிழக்கு நாட்டுக்காரங்க பெரியவங்களைத் தலையில தூக்கி வெச்சுக்கிறாங்க, மேற்கத்திக்காரங்க ஹோம்ல கொண்டுபோய் தள்ளிடுறாங்கன்னு அதே பழைய பல்லவி. வாட்ஸ்அப்ல தினமும் வர்றதுதானே, பேப்பர்லயும் வரணுமா சார்?

தென்கொரியாவையே எடுத்துக்கோங்க. புதுசா ஒருத்தரைப் பார்த்தா சீக்கிரமே வயசை விசாரிச்சுடுவாங்க, ஏன்னா யார் பெரியவர்னு தெரியாம அந்த மொழியில எப்படிப் பேசுறதுன்னே முடிவு பண்ண முடியாது, பெரியவங்க முன்னாடி மது குடிக்க நேர்ந்தா முகத்தை ஒரு பக்கமா திருப்பிக்கிட்டுதான் குடிப்பாங்க. அவ்ளோ மரியாதை. ஆனா அங்க 65 தாண்டினவங்கள்ல கிட்டத்தட்ட 10க்கு 4 பேர் வறுமையில இருக்காங்க. சீனாவுல, தனியா இருக்கிற பெத்தவங்களை அடிக்கடி போய்ப் பாருங்கன்னு 2013ல சட்டத்துலயே எழுத வேண்டியதா போச்சு. தானா நடந்திருந்தா சட்டம் எதுக்கு?

ஜப்பான்ல 100 வயசைத் தொடுறவங்களுக்கு அரசாங்கம் வெள்ளிக் கிண்ணம் குடுக்குது. 1963ல ஆரம்பிச்சப்போ நாடு முழுக்க நூறு தாண்டினவங்க 153 பேர்தான், இப்போ 90 ஆயிரத்துக்கும் மேல. செலவு கட்டுப்படியாகாம 2016லேர்ந்து வெறும் வெள்ளி முலாம். தப்பு சொல்லல, கணக்கு அப்படி. ஆனா படிச்சப்போ சிரிப்பு வந்துடுச்சு.

இன்னொரு பக்கம், 'தள்ளிடுறாங்க'ன்னு நாம சொல்ற நெதர்லாந்துல, டெவென்டர்னு ஒரு ஊர்ல முதியோர் இல்லத்துக்குள்ளயே காலேஜ் பசங்களைக் குடி வெச்சாங்க. வாடகை கிடையாது, பதிலுக்கு மாசம் 30 மணி நேரம் பெரியவங்களோட நல்ல பக்கத்து வீட்டுக்காரனா பழகணும், அவ்ளோதான். நர்ஸ் வேலை இல்ல, சேர்ந்து சாப்பிடுறது, கதை பேசுறது, கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்குறது. பையனோட லவ் மேட்டர்லேர்ந்து எல்லாத்துக்கும் அந்தப் பாட்டிங்க கருத்து சொல்லுவாங்களா இருக்கும், எனக்கு அதுதான் பொறாமையா இருக்கு.

ஏன்னா எனக்கு வயசு 69. வீட்ல ஒரு குறையும் இல்ல, வேளாவேளைக்கு மாத்திரை வந்துடும். ஆனா போன மாசம் ஹால் ட்யூப்லைட் எரியல, சரி பாப்போம்னு ஸ்டூல்ல ஒரு காலைத்தான் வெச்சேன், மருமக ஓடிவந்து "நீங்க உட்காருங்க மாமா"ன்னு ஸ்டூலையே எடுத்துட்டுப் போயிடுச்சு. 35 வருஷம் வயரிங் வேலை பார்த்தவன் சார் நான். அப்புறம் பையன் யூடியூப் பார்த்து மாத்தினான், சுவிட்சை ஆஃப் பண்ணாம. சொன்னேன், "தெரியும்ப்பா"ன்னான்.

அடுத்த தடவை இதைப் பத்தி கட்டுரை போடுறப்போ எந்த நாட்ல எவ்ளோ மரியாதைன்னு எண்ணாம, வயசானவங்க ரெண்டு பேர்கிட்ட பேசிட்டுப் போடுங்க. மெயில் அனுப்புனா பதில் வரும். இதையும் நானேதான் டைப் பண்ணேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகர்